மெடிசின் நேர்காணலுக்கு எப்படித் தயாராவது? தனியாகவா, நண்பர்களோடா, டாக்டர் மாமாவிடமா, காசு கட்டியா?

பிரிட்டனில் பள்ளியின் கடைசி வருடமான இயர் 13 படிக்கும் பிள்ளை இருக்கும் தமிழ் வீடுகளில் நவம்பர் பிறந்ததும் ஒரு பதற்றம் தொற்றிக்கொள்ளும். அக்டோபர் 15க்குள் யூக்காஸ் என்ற பொது அமைப்பின் வழியாகப் பல்கலைக்கழக விண்ணப்பம் போட்டாயிற்று. மெடிசின் நுழைவுத்தேர்வான யூகேட்டின் மார்க் கையில் இருக்கிறது. மெடிசினுக்கு அதிகபட்சம் அனுமதிக்கும் நான்கு கல்லூரிகளையும் யோசித்து யோசித்துத் தேர்ந்தெடுத்தாயிற்று. இனி நேர்காணல் அழைப்பு வரவேண்டும். அது வந்த அன்றைக்கே அடுத்த கேள்வியும் வந்துவிடும்: கோர்ஸில் சேர்க்கலாமா? ட்யூட்டர் பிடிக்கலாமா? ஹாரோவில் இருக்கும் டாக்டர் மாமாவிடம் அனுப்பலாமா? இல்லை, பிள்ளை தானே பார்த்துக்கொள்வாளா?

இப்படி எழுதிக் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான். படிக்கவேண்டிய விஷயம் எல்லாம் இலவசமாகக் கிடைக்கிறது. லேசில் கிடைக்காதது ஓர் ஆள். பிள்ளை வாயைத் திறந்து பேசுவதை எதிரில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, 'நீ கேள்விக்குப் பதிலே சொல்லவில்லை' என்று முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய ஆள். உங்கள் காசும் நேரமும் அந்த ஆளைத் தேடுவதற்குப் போகட்டும். கீழே உள்ள ஒப்பீடு முழுக்க அந்தக் கணக்கில்தான் போகிறது.

ஊரில் இருக்கும் தாத்தா பாட்டிக்கு இந்தப் பதற்றம் புரியாது. 'மார்க் இருக்கே, அப்புறம் எதுக்கு இன்டர்வியூ?' என்பார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. தமிழ்நாட்டில் நீட் மார்க், தரவரிசை, கவுன்சலிங், அவ்வளவுதான். இலங்கையில் ஏ-லெவல் இசட் ஸ்கோர். நேர்காணல் வைத்து ஆள் எடுப்பதற்குப் பேர்போன வேலூர் சிஎம்சியே நீட்டோடு மல்லுக்கட்டி, 2017இல் எம்பிபிஎஸ் இடங்களை ஏறக்குறைய முழுவதும் காலியாக வைத்துப் பார்த்தது. பிரிட்டனில் கதை வேறு. இங்கே மார்க் உங்களை வாசல்வரை கொண்டுவந்து விடும். உள்ளே விடுவது நேர்காணல்.

## எதற்குத் தயாராகிறோம்?

பெரும்பாலான கல்லூரிகள் வைப்பது எம்எம்ஐ, அதாவது ஒன்றன்பின் ஒன்றாகப் பல குட்டி நேர்காணல்கள்; ஒவ்வொன்றுக்கும் ஸ்டேஷன் என்று பெயர். கனடாவில் ஹாமில்டன் நகரத்து மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவானது. 2004இல் அதுபற்றிய ஆய்வுக்கட்டுரை வந்தபிறகு உலகெங்கும் பரவியது. உண்டாக்கிய காரணம் எளிது. ஒரே குழுவின் முன்னால் அரைமணி நேரம் உட்கார்ந்தால், முதல் சில நிமிடங்களில் விழுந்த அபிப்பிராயம் மீதி நேரத்தையும் விழுங்கிவிடும். பல அறைகளில் பல பேர் தனித்தனியாக மார்க் போட்டால் ஒருவருடைய விருப்பு வெறுப்பு அவ்வளவாக எடுபடாது. ஓர் அறையில் சொதப்பினாலும் அடுத்த அறையில் புதிதாகத் தொடங்கலாம்.

கல்லூரிக்குக் கல்லூரி மாறும், ஆனாலும் பொதுவாக ஆறு முதல் பத்து ஸ்டேஷன், ஒவ்வொன்றும் ஐந்து முதல் எட்டு நிமிடம். கதவில் ஒட்டியிருக்கும் தாளைப் படிக்க ஒன்றிரண்டு நிமிடம். மணி அடித்தால் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு எழுந்து போகவேண்டும். ஒரு ஸ்டேஷனில் 'ஏன் மெடிசின்?', அடுத்ததில் நடிகர் ஒருவர் அழுதுகொண்டிருப்பார், அதற்கடுத்ததில் மருந்தின் அளவைக் கணக்கிடச் சொல்வார்கள், இன்னொன்றில் கையைப் பயன்படுத்தாமல் ஷூ லேஸ் கட்டச் சொல்லித்தரச் சொல்வார்கள்.

ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் தனி ரகம். அங்கே பேராசிரியர்கள் ஒரு வரைபடத்தையோ நீங்கள் கேள்விப்படாத ஒரு பிரச்சினையையோ முன்னால் வைத்து, சத்தமாக யோசிக்கச் சொல்வார்கள். அதற்குத் தயாராவது வேறு வேலை. இதைக் கவனிக்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே கோர்ஸ் எடுத்துவிட்டுக் கைபிசைந்து நிற்பவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு.

## எந்த அளவுகோலால் பார்ப்பது?

ஐந்து விஷயங்களை வைத்துப் பார்க்கிறேன். ஐந்துக்கும் சம எடை கிடையாது. முதல் இரண்டுதான் முக்கியம்.

வாய்விட்டுப் பேசும் நேரம். ஒரு மணி நேரத்தில் பிள்ளை எத்தனை நிமிடம் தானே பேசுகிறாள்? கேட்பதும் குறிப்பெடுப்பதும் கணக்கில் வராது.

ஒளிவுமறைவில்லாத விமர்சனம். சொல்பவருக்கு உண்மையைச் சொல்வதில் தயக்கம் இருக்கிறதா? மார்க் எப்படிப் போடுகிறார்கள் என்று அவருக்குத் தெரியுமா?

சொந்தக் குரல். இந்த வழியில் போனால் பிள்ளை தன் பேச்சில் பேசுவாளா, இல்லை மனப்பாடச் செய்யுள் ஒப்பிப்பாளா?

அந்தக் கல்லூரிக்குப் பொருத்தம். எம்எம்ஐயா, குழு நேர்காணலா, ஆன்லைனா, நேரிலா?

முழுச் செலவு. காசு மட்டும் இல்லை. நேர்காணல் காலம் டிசம்பர் முதல் மார்ச் வரை போகிறது. நடுவே ஜனவரியில் பள்ளிகளின் மாதிரித் தேர்வு. இடம் கிடைத்தாலும் அது மூன்று 'ஏ' போன்ற நிபந்தனையோடுதான் வரும். நேர்காணலில் ஜெயித்துவிட்டு வேதியியலில் கோட்டை விட்டால் ஆகஸ்டில் அழவேண்டியதுதான். எனவே வேதியியலில் இருந்து எடுக்கும் ஒவ்வொரு சனிக்கிழமையும் செலவுக் கணக்கில் சேரும்.

## தனியாகத் தயாராவது

முதலில் சொன்னேனே, விஷயம் இலவசம் என்று. டாக்டர்களைப் பதிவுசெய்து கண்காணிக்கும் ஜிஎம்சி வெளியிட்டிருக்கும் மருத்துவர் நடத்தை வழிகாட்டி 2024 ஜனவரி 30 முதல் நடைமுறையில் இருக்கிறது. எளிய ஆங்கிலம், ஒரு மாலைப்பொழுதில் படித்துவிடலாம். அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸின் அரசியலமைப்பில் ஆறு விழுமியங்கள் இருக்கின்றன. மருத்துவக் கல்லூரிகளின் கூட்டமைப்பான மெடிக்கல் ஸ்கூல்ஸ் கவுன்சில் நேர்காணலில் என்ன எதிர்பார்க்கப்படுகிறது என்பதை எழுதியே வைத்திருக்கிறது. மருத்துவமனையில் பார்வையாளராக நிற்க வாய்ப்புக் கிடைக்கவில்லையா? பிரைட்டன் அண்ட் சசெக்ஸ் மருத்துவக் கல்லூரியின் இணையவழி அனுபவப் பாடமும், ஜிபிக்களின், அதாவது குடும்ப டாக்டர்களின், ராயல் காலேஜ் நடத்தும் 'அப்சர்வ் ஜிபி'யும் காசில்லாமல் கிடைக்கின்றன.

அறவியல் கேள்விகளுக்கும் இதே கதைதான். தன்னாட்சி, நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி ஆகிய நான்கு கோட்பாடுகள் தெரிந்திருக்கவேண்டும். பதினாறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை தானே சிகிச்சைக்குச் சம்மதிக்கலாமா என்ற கேள்விக்கு 1985இல் வந்த கில்லிக் தீர்ப்பு, முடிவெடுக்கும் திறன் பற்றி 2005ஆம் வருடத்துச் சட்டம், உறுப்பு தானத்தில் 'மறுக்காவிட்டால் சம்மதம்' என்ற முறை வேல்ஸில் 2015இலும் இங்கிலாந்தில் 2020இலும் வந்தது. இவ்வளவும் நூலகத்தில் ஒரு வாரம். ஆனால் கரைத்துக் குடித்தவர்களிடம் ஒரு வியாதி பார்க்கிறேன். கேள்வி என்னவாக இருந்தாலும் 'நான்கு கோட்பாடுகளின்படி' என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். தேர்வாளர் கேட்டது, உன் நண்பன் வகுப்புக்குக் குடித்துவிட்டு வந்தால் என்ன செய்வாய் என்று. முதலில் நண்பனிடம் பேசுவேன், ஏதாவது பிரச்சினையா என்று கேட்பேன் என்பது மனிதன் சொல்லும் பதில். கோட்பாடு அப்புறம் வரலாம்.

தனியாகப் படிப்பவர்களுக்கு மொபைல் ஒரு நல்ல எஜமானன். ஒரு கேள்வியை எடுத்து, ஐந்து நிமிடம் டைமர் வைத்து, வீடியோ எடுத்துப் பாருங்கள். இரண்டாம் முறை பார்க்கும்போது வெட்கத்தைத் தாண்டிவிடுவீர்கள். எத்தனை 'லைக்', எத்தனை 'பேசிக்கலி', பதில் எந்த நிமிடத்தில் ஆரம்பித்தது என்று எண்ணலாம். சாட்ஜிபிடி போன்றவற்றிடம் புதிய புதிய சூழல்களைக் கேட்டு வாங்கலாம், அதில் அவை கெட்டி. ஆனால் தீர்ப்பை அவற்றிடம் கேட்காதீர்கள். சுமாரான பதிலையும் தட்டிக்கொடுத்துத்தான் பேசும்.

மறைமுகச் செலவு: தன் தவறு தனக்குத் தெரியாது என்பதே. பேசுவது நல்லதாகப் படும், ஏனென்றால் மனதில் இருப்பது வாயில் வந்துவிட்டதாக நாமே நினைத்துக்கொள்கிறோம். அப்புறம், எதிரில் ஒரு முகம் இல்லாமல் நடிகர் ஸ்டேஷனுக்குப் பழகவே முடியாது.

எப்போது இது போதும்? மேடைப்பேச்சு, விவாதம், கடையில் பகுதிநேர வேலை என்று அந்நியரிடம் பேசிப் பழகிய பிள்ளைக்கு, கூடவே ஒன்றிரண்டு மாதிரி நேர்காணல் மட்டும் கிடைத்தால் போதும். கடைசி நேரத்தில் அழைப்பு வந்து ஒரு வாரம்கூட இல்லாதவர்களுக்கும் இதுதான் வழி.

## நண்பர் குழு

என்னைக் கேட்டால் பலருக்கு இதுதான் சிறந்தது. நான்கு பேர், வாரத்துக்கு இருமுறை, ஒரு மணி நேரம். பள்ளியில் மெடிசினுக்குப் போட்டவர்கள் இருப்பார்கள். இல்லையென்றால் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் கூடப் படித்தவர்கள், வேறு பள்ளியில் இருப்பவர்கள். ஒருவர் தேர்வாளர், ஒருவர் மாணவர், ஒருவர் நடிகர், ஒருவர் மணி அடித்துக் குறிப்பெடுப்பவர். சுற்றி வந்தால் ஒரு மணி நேரத்தில் ஒவ்வொருவரும் இருமுறை பேசிவிடலாம். காசு கட்டிய வகுப்பில்கூட இவ்வளவு பேசும் நேரம் கிடைப்பது அரிது.

இதன் பெரிய லாபம் தேர்வாளர் நாற்காலியில் உட்காருவதில் இருக்கிறது. எல்லோரும் பழகும் ஒரு சூழல் உண்டு: பக்கத்து வீட்டுக்காரர் ஊருக்குப் போயிருந்தபோது, காரைப் பின்னால் எடுக்கையில் அவருடைய பூனையின் மேல் ஏற்றிவிட்டீர்கள். பூனை செத்துவிட்டது. அவர் திரும்பி வந்திருக்கிறார். கதவைத் தட்டுங்கள்.

ஒரு குழுவில் இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் போன பெண் கதவைத் தட்டி, பயணம் எப்படி என்று கேட்டு, வானிலை பேசி, 'உங்களுக்கு இது கஷ்டமாக இருக்கும் என்று எனக்குப் புரிகிறது' என்றாள். எது கஷ்டம் என்று நடிகருக்குத் தெரியாது, அவள் இன்னும் சொல்லவே இல்லை. மூன்றாவது முறை 'புரிகிறது' வந்தபோது நடிகரே சிரித்துவிட்டார். அடுத்து வந்தவன் உட்கார அழைத்து, 'ஒரு கெட்ட செய்தி சொல்லவேண்டியிருக்கிறது' என்றான். ஒரு நொடி நிறுத்தினான். 'உங்கள் பூனை இறந்துவிட்டது. என் கார் மோதித்தான். என் தவறு, மன்னிக்கவேண்டும்.' பிறகு வாயை மூடிக்கொண்டான். நடிகர் அழுதார், திட்டினார். அவன் குறுக்கே பேசவில்லை. கோபம் கொஞ்சம் தணிந்தபிறகு, அதன் பெயர் என்ன, எத்தனை வருடம் இருந்தது என்று கேட்டான். குறிப்பெடுத்துக்கொண்டிருந்த முதல் பெண் நிமிர்ந்து பார்த்த பார்வையைச் சொல்லவேண்டும். எந்தப் பாடக்குறிப்பும் அவளுக்கு அதைக் கற்றுத்தந்திருக்காது.

மறைமுகச் செலவுகளும் இருக்கின்றன. நண்பர்கள் ஒருவரை ஒருவர் நோகடிக்க மாட்டார்கள். 'நல்லா இருந்துச்சு' என்று முடித்துவிடுவார்கள். இதற்கு ஒரு விதி வையுங்கள்: ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு குறையாவது சொல்லியே ஆகவேண்டும், அதுவும் 'மூன்றாவது நிமிடத்தில் நீ என்னைப் பார்க்கவே இல்லை' என்பதுபோல இடம் சுட்டி. இன்னொன்று, ஒரு மாதத்தில் நால்வரும் ஒரே பதிலைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். அப்படித் தோன்றினால் குழுவைக் கலைத்துப் புது ஆளைச் சேருங்கள். மூன்றாவது பொறாமை. நால்வரில் ஒருவனுக்கு ஜனவரியிலேயே இடம் கிடைத்துவிட்டால் மற்ற மூவரின் முகம் எப்படி இருக்கும்? அது எல்லாக் குழுவிலும் வரும், தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

மருத்துவக் கல்லூரியில் முதல் இரண்டு வருடத்தில் படிக்கும் அண்ணனோ அக்காவோ வாரம் ஒருமுறை வந்து உட்கார்ந்தால் குழுவின் தரம் சட்டென்று ஏறும். ஓரிரு வருடம் முன்புதான் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள். பின்தங்கிய சூழலில் இருந்து வரும் பிள்ளைகளுக்கு மருத்துவ மாணவர்களை வழிகாட்டியாக இணைத்துவிடும் 'இன்டூமெட்ஸ்கூல்' போன்ற தொண்டு அமைப்புகளும் உண்டு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு சட்டன் டிரஸ்ட் நடத்தும் மெடிசின் திட்டமும் உண்டு, ஆனால் அதற்கு இயர் 12இலேயே போட்டிருக்கவேண்டும்.

## டாக்டர் மாமா

எல்லாத் தமிழ்க் குடும்பத்திலும் ஒரு மாமா இருப்பார். கன்சல்டன்ட், அல்லது முப்பது வருட ஜிபி. 'அனுப்புங்கோ, நான் பாத்துக்கறேன்' என்பார். காசு வாங்கமாட்டார், மாமி சாப்பாடும் போடுவார். இலவசங்களிலேயே விலை கூடிய இலவசம் இதுதான் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மாமாவின் மருத்துவ அறிவில் குறையில்லை. ஆனால் அவர் யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ கீழ்ப்பாக்கத்திலோ மார்க் வைத்து உள்ளே போனவர். இந்தக் கதவு வழியாக அவர் நுழையவே இல்லை. ஆகவே அவர் கேட்பது மருத்துவக் கேள்வியாக இருக்கும்: நீரிழிவு எத்தனை வகை, இதயத்தில் எத்தனை வால்வு. எம்எம்ஐ தேர்வாளருக்கு அது தேவையே இல்லை. மருத்துவ அறிவைச் சோதிப்பதற்காக அவர்கள் நேர்காணல் வைப்பதில்லை, அதற்கு ஐந்து வருடம் பாடம் நடத்தப்போகிறார்கள்.

இன்னொரு சிக்கல் பேசப்படாதது. பிள்ளை மாமாவிடம் மறுத்துப் பேசமாட்டாள். 'பேஷன்ட் ரத்தம் ஏற்றக்கூடாது என்கிறார், நீ என்ன செய்வாய்?' என்று மாமா கேட்டு, 'உயிரைக் காப்பாற்றத்தான் வேண்டும்' என்று அவரே முடித்தால் அவள் தலையாட்டிவிடுவாள். தெளிந்த மனதோடு இருக்கும் பெரியவர் ஒருவர் சிகிச்சையை மறுக்கலாம், டாக்டர் அதை மதிக்கவேண்டும் என்பது இங்கே சட்டம். மாமா சொன்னதுபோன்ற பதிலை அவள் நேர்காணலில் மறுத்துச் சொல்லியே ஆகவேண்டும். பெரியவரிடம் மரியாதையாக மாறுபடுவதுதான் சோதிக்கப்படும் திறமை. அதைப் பழகுவதற்கு மாமாவின் வரவேற்பறை ஏற்ற இடம் இல்லை. அப்புறம் இடம் கிடைக்காவிட்டால், அடுத்த கல்யாண வீட்டில் அந்தச் செய்தி மாமி வழியாக வந்து சேரும். பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பாரம் என்று பெற்றோருக்கு எளிதில் தெரிவதில்லை.

இதற்கு விதிவிலக்கு ஒன்று உண்டு. அண்மையில் ஊரில் இருந்து வந்து, வெளிநாட்டில் படித்த டாக்டர்களுக்கான பிளாப் தேர்வின் இரண்டாம் பகுதியை எழுதிய அக்காவோ அண்ணனோ குடும்பத்தில் இருந்தால் விடாதீர்கள். மான்செஸ்டரில் நடக்கும் அந்தத் தேர்வும் ஸ்டேஷன்கள்தான், ஒவ்வொன்றும் எட்டு நிமிடம், நடிகர்களே நோயாளிகள். மணிக்கு ஓடுவது, கெட்ட செய்தி சொல்வது, கோபக்காரரைச் சமாளிப்பது எல்லாம் அவர்களுக்கு விரல்நுனியில். ஒரே எச்சரிக்கை: பிளாப் பயிற்சியில் ஒட்டிக்கொண்ட தயார்நிலை அனுதாப வாக்கியங்களைப் பிள்ளைக்கும் ஏற்றிவிடவேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

மாமாவை விட்டுவிடவும் வேண்டாம். அவரிடம் கேட்கவேண்டியது கதைகள். டாக்டராக இருப்பதில் எது வெறுத்துப்போனது, என்ன தவறு நடந்தபோது என்ன செய்தார், நர்ஸ் ஒருவர் தன்னைத் திருத்திய சம்பவம் உண்டா? 'இந்த வேலையின் கஷ்டம் உனக்குத் தெரியுமா?' என்ற கேள்விக்கு வேறெங்கும் கிடைக்காத பதில் அங்கே கிடைக்கும்.

## ஒருநாள் மாதிரி எம்எம்ஐ வகுப்பு

காசு கட்டும் வழிகளில் இது ஒன்றுக்குத்தான் நான் அரைமனதோடு தலையாட்டுவேன். ஒரு நாள், பல ஸ்டேஷன், முன்பின் தெரியாத ஆட்கள், எழுத்தில் மதிப்பெண். நூறு பவுண்டைத் தாண்டுவது சாதாரணம். இரண்டு நாள் வகுப்பு, தங்குமிடம் என்று போனால் கை கடிக்கும்.

இதன் மதிப்பு அந்நியர்களிடம் இருக்கிறது, பாடத்தில் இல்லை. முதல்முறை மணி அடித்து, முகம் தெரியாதவர் முன் உட்கார்ந்து, நாக்கு ஒட்டிக்கொள்வது இங்கே நடந்துவிடட்டும், நிஜத்தில் நடக்கவேண்டாம். ஆனால் பல வகுப்புகளில் காலை முழுதும் பவர்பாயிண்ட். மதியம் நான்கு ஸ்டேஷன், அதிலும் பத்துப் பேர் சுற்றி நின்று பார்க்க ஒருவர் பேசுவார். கட்டுவதற்கு முன் கேட்டுக்கொள்ளவேண்டியவை: என் பிள்ளை தனியாக எத்தனை ஸ்டேஷன் செய்வாள்? எதிரில் இருப்பவர் யார், டாக்டரா, மாணவரா, நடிகரா? எழுத்தில் குறிப்புக் கிடைக்குமா? இதற்கு நேரடியாகப் பதில் சொல்லாமல் 'எங்கள் மாணவர்களில் இத்தனை சதவீதம் பேர் தேர்வானார்கள்' என்று ஆரம்பித்தால் போனை வைத்துவிடுங்கள். சேர்ந்தவர்கள் எல்லாம் ஏற்கெனவே நேர்காணல் அழைப்பு வாங்கியவர்கள், அந்த சதவீதத்தில் கோர்ஸின் பங்கு எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்?

ஆஸ்திரேலியாவில் ஒரு மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தவர்களை வைத்து 2008இல் வந்த ஆய்வில், காசு கட்டிப் பயிற்சி எடுத்தவர்கள் எம்எம்ஐயில் மற்றவர்களைவிட மேலாகச் செய்யவில்லை. ஒரே ஆய்வு, வேறு நாடு, சரி. ஆனால் இங்கேயும் மருத்துவக் கல்லூரிகள் எந்த வணிகப் பயிற்சியையும் பரிந்துரைப்பதில்லை.

மறைமுகச் செலவு, பிள்ளை அங்கே பொறுக்கிக்கொண்டு வரும் வாக்கியங்கள். ஒரே கோர்ஸுக்குப் போன ஐம்பது பேர் ஒரே கல்லூரியில் 'மெடிசின் என்பது அறிவியலும் மனிதநேயமும் சந்திக்கும் இடம்' என்று சொன்னால், ஐம்பத்தோராவது ஆளாக அதைச் சொல்பவரின் கதி என்ன? நேரில் வரச்சொல்லும் கல்லூரி வடக்கே ஸ்காட்லாந்தில் இருந்தால் ரயிலுக்கும் இரவு தங்கவும் ஆகும் செலவையும் மறக்காதீர்கள். கோர்ஸா, முதல்நாளே போய் நிம்மதியாகத் தூங்குவதா என்று கேட்டால் நான் தூக்கத்துக்குத்தான் காசு கொடுப்பேன்.

எப்போது இது சரி? பள்ளியில் உங்கள் பிள்ளை ஒருத்திதான் மெடிசினுக்குப் போட்டிருக்கிறாள், குழு சேர ஆளில்லை, தெரிந்த மருத்துவ மாணவரும் இல்லை என்றால். கூச்ச சுபாவக்காரர்களுக்கும், முதல் நேர்காணலுக்கு இரண்டு மூன்று வாரம் முன்னதாக.

## தனி ட்யூட்டர்

மணிக்கணக்கில் காசு. நல்லவர் கிடைத்தால் மிக நல்லது, கிடைப்பதுதான் பாடு. பெரும்பாலானவர்கள் மருத்துவ மாணவர்கள், குழுவுக்கு வந்து ஓசியில் உதவும் அதே வயதுக்காரர்கள். பத்து மணி நேரம் பொட்டலமாக விற்றால் வாங்காதீர்கள். முதல் மணியில் கிடைக்கும் குறைப் பட்டியலே பாதி லாபம், ஐந்தாவது மணிக்குள் ட்யூட்டருக்கும் பிள்ளைக்கும் பழகிப்போய், அந்நியர் என்ற பயனே போய்விடும்.

ட்யூட்டர் நிஜமாகவே தேவைப்படும் இடம் இரண்டு. ஒன்று, ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ். அங்கே கேள்வி அறிவியல் சார்ந்தது, தெரியாததைச் சத்தமாக யோசிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து யாராவது தட்டித் தட்டிக் கொடுக்கவேண்டும். நல்ல உயிரியல் ஆசிரியர் மனம் வைத்தால் அதையும் பள்ளியிலேயே செய்யலாம். இரண்டு, போன வருடம் நேர்காணல்வரை போய் எல்லா இடத்திலும் திரும்பி வந்தவர்கள். அவர்களுக்கு எங்கே இடறுகிறது என்று ஒருவர் குறிபார்த்துச் சொல்லவேண்டும்.

## ஒரே பார்வையில்

| வழி | காசு | பேசும் நேரம் | விமர்சனம் | எங்கே கவனம் வேண்டும் |
|---|---|---|---|---|
| தனியாக | இல்லை | நம் கையில் | இல்லை | ஒப்பிக்கும் பழக்கம் |
| நண்பர் குழு | இல்லை | மிக அதிகம் | விதி வைத்தால் நல்லது | ஒருவரையொருவர் புகழ்வது |
| டாக்டர் மாமா | இல்லை | குறைவு, அவர்தான் பேசுவார் | உறவு குறுக்கிடும் | தவறான கேள்விகள், வம்பு |
| ஒருநாள் வகுப்பு | அதிகம் | இடத்துக்கு இடம் மாறும் | அந்நியர், நல்லது | இரவல் வாக்கியங்கள் |
| தனி ட்யூட்டர் | மிக அதிகம் | அதிகம் | ஆளைப் பொறுத்தது | பொட்டல விற்பனை |

## உங்கள் வீட்டுக்கு எது?

பள்ளியிலேயே நான்கைந்து பேர் மெடிசினுக்குப் போட்டிருந்தால் குழு, கூடவே தனிப்படிப்பு, கடைசியில் பள்ளி நடத்தும் மாதிரி நேர்காணல் ஒன்று. காசே வேண்டாம். கோர்ஸ் எடுக்காவிட்டால் பின்தங்கிவிடுவோமோ என்ற பயம்தான் இங்கே பெற்றோரைக் கட்டவைக்கிறது.

பிள்ளை வீட்டில் அதிகம் பேசாதவள், அந்நியரிடம் தலைகுனிபவள் என்றால் முதல் மாதம் மெடிசினைப் பற்றிப் பேசவே வேண்டாம். தொண்டுக்கடை, முதியோர் இல்லம், கோயில் அன்னதானம், எங்கேயாவது ஆட்களிடம் பேசும் வேலைக்கு அனுப்புங்கள். பிறகு குழு, அதன்பின் ஒருநாள் வகுப்பு. இந்த வரிசை மாறினால் வகுப்பில் அவள் ஒரு மூலையில் நின்றுவிட்டு வருவாள்.

பேச்சில் புலி என்றால் எதிர்ப் பிரச்சினை. அவனுக்கு வேண்டியது கேட்கப் பழகுவது. நடிகர் ஸ்டேஷன்களை மட்டும் திரும்பத் திரும்பச் செய்யவையுங்கள், பேச்சை நிறுத்திவிட்டுப் பத்து நொடி காத்திருக்கச் சொல்லுங்கள். அவனுக்குக் காசு கட்டுவது வீண்.

காசு ஒரு பொருட்டே இல்லை, இருப்பதெல்லாம் இறக்கலாம் என்பவர்களுக்கும் நான் சொல்வது ஒரு வகுப்பு, இரண்டு மணி ட்யூட்டர், அதற்கு மேல் வேண்டாம். மேலே போகப் போக பிள்ளையின் பேச்சில் பிறர் குரல் ஏறிக்கொண்டே போகும். 'ஏன் நர்ஸ் ஆகக்கூடாது?' என்ற கேள்விக்கு அச்சடித்த பதில் வரும்போது தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, 'சரி, அந்த முதியோர் இல்லத்தில் நர்ஸ்கள் செய்த வேலையில் உன்னால் செய்ய முடியாது என்று தோன்றியது எது?' என்று இரண்டாவது கேள்வி கேட்பார். அந்த இரண்டாவது கேள்விக்கு எந்தக் கோர்ஸிலும் குறிப்பு இல்லை, அங்கே போய் நின்றவளிடம்தான் பதில் இருக்கும்.

ஆன்லைன் நேர்காணல் என்றால் மேலே சொன்ன எல்லாவற்றையும் மடிக்கணினி முன்னால் செய்து பாருங்கள். கேமரா கண் மட்டத்தில், வெளிச்சம் முகத்தில், கதவில் 'உள்ளே வராதீர்கள்' தாள், வீட்டில் மற்றவர்கள் வைஃபையில் சீரியல் பார்க்காமல் ஒரு மணி நேரம். அம்மா திரைக்கு வெளியே நின்று சைகை காட்டுவது வேண்டவே வேண்டாம், பிள்ளையின் கண் போகும் திசை எதிரில் இருப்பவருக்குத் தெரியும்.

முதல் நேர்காணல் முடிந்து வந்ததும் குழு நண்பர்கள் 'என்ன கேட்டார்கள்?' என்று சூழ்ந்துகொள்வார்கள். பல கல்லூரிகள் கேள்விகளை வெளியே சொல்லமாட்டேன் என்று உறுதி வாங்கிக்கொள்கின்றன, அதை மீறவேண்டாம். சொல்லலாகாதது கேள்விகள்தான். எங்கே மூச்சு முட்டியது, எந்த அறையில் மணி அடிப்பதற்குள் பேசி முடித்துவிட்டு விழித்தாள் என்பதை அன்று இரவே எழுதிவைத்து, அடுத்த நேர்காணலுக்கு முன்னால் குழுவில் அதற்கு மட்டும் பழகலாம்.